மலிவாக விற்றவர் விலகிய நாள்: போஹேமியா எனர்ஜி சரிவும் ஐரோப்பிய மின்சந்தையும்

2021 அக்டோபர் 13, புதன்கிழமை. செக் குடியரசில் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து நான்கே நாள். பழைய அரசு போகப்போகிறது, புதிய அரசு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் போஹேமியா எனர்ஜி தன் துணை நிறுவனங்களோடு சேர்ந்து விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய பெரிய நிறுவனங்களுக்கு மாற்றாக வந்த மின்சார, எரிவாயு விற்பனையாளர்களில் நாட்டிலேயே மிகப் பெரியது அது. மொத்தச் சந்தையில் விலை இதுவரை காணாத அளவுக்கு ஏறிவிட்டது என்பது அது சொன்ன காரணம். ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள்தொகை கொண்ட நாட்டில் ஏறக்குறைய 9 லட்சம் வாடிக்கையாளர்கள் விற்பனையாளர் இல்லாமல் நின்றார்கள்.

எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. அடுப்பும் அணையவில்லை. சட்டத்தில் இருந்த பாதுகாப்பு ஏற்பாடு உடனே வேலை செய்தது, எல்லாரும் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பொறியாளர் பார்வையில் இது வெற்றி. ஆனால் அடுத்த சில வாரங்களில் அந்தக் குடும்பங்களுக்கு வந்த மாதத் தவணைக் கடிதங்களைப் பார்த்தால் கதை வேறு. பலருக்குத் தவணை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உயர்ந்திருந்தது. குளிர்காலம் அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தது.

போட்டி உள்ள, நாடுகள் இணைந்த, நுகர்வோரைக் காக்கும் எரிசக்திச் சந்தை என்று ஐரோப்பிய ஒன்றியம் 1990களிலிருந்து சொல்லிவருகிறது. அந்த மூன்றில் இரண்டை அது உண்மையிலேயே கட்டி முடித்திருந்தது. மூன்றாவது தானாக வந்துவிடும் என்று நம்பியது. அது தானாக வராது என்பதைத்தான் இந்த நிகழ்வு காட்டியது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

கம்பி ஒருவருடையது, விற்பவர் வேறொருவர்

இந்தச் சந்தையின் அமைப்பு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வீட்டுக்கு வரும் கம்பியும் குழாயும் அந்தப் பகுதி விநியோக நிறுவனத்துடையது. அது ஏகபோகம், அதன் கட்டணத்தை அரசு நியமித்த ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்தை உங்களுக்கு விற்பவர் யார் என்பதை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். விற்பவரிடம் மின்நிலையம் இருக்க வேண்டும் என்பதில்லை. மொத்தச் சந்தையில் வாங்கி, லாபம் சேர்த்து, வீடுகளுக்கு விற்றால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. முதல் மின்சார உத்தரவு 1996இல் வந்தது, இரண்டாவது 2003இல். மூன்றாவது தொகுப்பு 2009இல் வந்து, மின்உற்பத்தியையும் விற்பனையையும் மின்கடத்தலிலிருந்து பிரிக்கச் சொன்னது. ஒழுங்குமுறை ஆணையங்களை ஒருங்கிணைக்க ஏசர் என்ற அமைப்பையும் உருவாக்கியது. ஏசரின் தலைமையகம் ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரில் இருக்கிறது. 2007 ஜூலை 1 முதல் ஒன்றியம் முழுவதும் வீடுகளுக்கும் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்த செக் குடியரசு இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. அங்கே 2006 ஜனவரியிலேயே வீட்டு மின்சாரமும், ஒரு வருடம் கழித்து எரிவாயுவும் திறந்துவிடப்பட்டன.

மொத்தச் சந்தை இணைந்ததுதான் இதில் பெரிய சாதனை. ஒவ்வொரு நாளும் நண்பகலில், மறுநாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் (2025 அக்டோபர் முதல் ஒவ்வொரு கால் மணிக்கும்) பல நாடுகளின் விற்பனைக் கோரிக்கைகளும் வாங்கும் கோரிக்கைகளும் ஒரே கணக்கீட்டு முறையில் சேர்ந்து தீர்க்கப்படும். எல்லையைக் கடக்கும் மின்தொடரில் இடம் இருக்கும்வரை மலிவான இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்கு மின்சாரம் தானாகப் போகும். செக் சந்தை 2009இல் ஸ்லோவாக்கியாவுடனும், 2012இல் ஹங்கேரியுடனும், 2014இல் ருமேனியாவுடனும் இணைந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்து சந்தைகளோடு இணைந்தது 2021 ஜூன் 17இல். போஹேமியா எனர்ஜி சரிவதற்கு நான்கு மாதம் முன்பு.

இந்த இணைப்புதான் விலையை ஏற்றியது என்று அப்போது செக் அரசியலில் பலரும் சொன்னார்கள். தேதிகள் அருகருகே இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் அதற்கு முன்பே செக் குடியரசுக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஏல முறையில் மின்சாரம் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது, செக் தலைநகரான பிராக்கின் விலை ஜெர்மன் விலையை ஒட்டியே நகர்ந்தது. 2021இல் விலையை ஏற்றியது எரிவாயு. ரஷ்யாவிலிருந்து வரத்து குறைந்தது, சேமிப்புக் கிடங்குகள் நிரம்பவில்லை, பெருந்தொற்றுக்குப் பிறகு உலகமே ஒரே நேரத்தில் எரிவாயு கேட்டது. ஐரோப்பா அளவுகோலாக வைத்திருக்கும் நெதர்லாந்துச் சந்தையில் மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 20 யூரோவைச் சுற்றியிருந்த எரிவாயு விலை, அந்த அக்டோபர் முதல் வாரத்தில் 100 யூரோவைத் தாண்டியது.

மலிவு விலை எங்கிருந்து வந்தது

இதுதான் இந்த ஆய்வின் மையம். ஒரு சில்லறை விற்பனையாளர் போட்டியாளரைவிட எப்படி மலிவாக விற்க முடியும்? கம்பிக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்று. வரி எல்லாருக்கும் ஒன்று. வாடிக்கையாளர் சேவையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். மீதி எல்லாம் மொத்தச் சந்தையில் எப்போது, எப்படி வாங்குகிறார் என்பதில்தான் இருக்கிறது.

நிதானமான விற்பனையாளர் தன் வாடிக்கையாளருக்கு அடுத்த இரண்டு வருடம் வேண்டிய மின்சாரத்தை இப்போதிருந்தே சிறிது சிறிதாக முன்பேர ஒப்பந்தங்களில் வாங்கி வைப்பார். விலை ஏறினாலும் அவருக்குக் கவலை இல்லை, அவர் வாடிக்கையாளருக்கும் இல்லை. ஆனால் விலை இறங்கும் காலத்தில் அவர் கையில் இருப்பது நேற்றைய விலைக்கு வாங்கிய சரக்கு. அதே நேரத்தில், முன்கூட்டி எதையும் வாங்காமல் அன்றன்றைக்கு வாங்கி விற்பவர் இன்றைய இறங்கிய விலையில் விற்கலாம். விலை ஒப்பீட்டுத் தளங்களில் முதலிடம் அவருக்குத்தான்.

செக் மறுநாள் சந்தையின் ஆண்டுச் சராசரியைப் பாருங்கள். 2020இல் மெகாவாட் மணிக்குச் சுமார் 34 யூரோ, அதாவது யூனிட்டுக்கு மூன்றரை சென்ட்டுக்கும் குறைவு. 2021இல் சுமார் 100 யூரோ. 2022இல் 250 யூரோவை ஒட்டி. 2020இல் அன்றன்றைக்கு வாங்கியவர் புத்திசாலியாகத் தெரிந்தார். அடுத்த வருட இறுதிக்குள் அதே பழக்கம் நிறுவனங்களைக் கவிழ்த்தது. விலை இறங்கிய வருடங்களில் சந்தை யாருக்குப் பரிசு கொடுத்ததோ, அவர்தான் விலை ஏறியபோது முதலில் விழக்கூடியவர். பட்டியலின் உச்சியில் இருந்த நிறுவனத்தைத் தேடிப் போன குடும்பம், தனக்கே தெரியாமல் ஆபத்து அதிகமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

போஹேமியா எனர்ஜியின் உள்கணக்கு எப்படி இருந்தது, எவ்வளவு முன்கூட்டி வாங்கியிருந்தது என்ற விவரங்களுக்குள் நான் போகவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் ஒரு உண்மை மாறாது. அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட யாருக்கும் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. அரசு உரிமம் கொடுத்திருக்கிறது, விலை குறைவு, மாறுவது சுலபம். ஒரு சாதாரணக் குடும்பம் இதற்கு மேல் என்ன பார்க்க முடியும்?

முன்கூட்டி வாங்குவதும் ஆபத்து இல்லாத வேலை என்று நினைக்க வேண்டாம். முன்பேரச் சந்தையில் விலை எகிறும்போது பங்கேற்பவர்கள் பெரிய தொகையை ஈடாகக் கட்ட வேண்டும். செக் அரசு சுமார் 70 சதவீதப் பங்கு வைத்திருக்கும் செஸ் நிறுவனமே 2022இல் இதற்காக அரசிடம் 3 பில்லியன் யூரோ வரை கடன் வசதி பெற வேண்டியிருந்தது. அணுமின் நிலையங்களையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் கையில் வைத்திருக்கும் செஸ்ஸுக்கே இந்த நிலை. சொந்தமாக எதுவும் இல்லாத விற்பனையாளர் கையில் எவ்வளவு மூலதனம் இருக்க வேண்டும் என்று உரிமம் கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டாமா? ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அப்போது அதைக் கறாராகக் கேட்க ஆள் இல்லை. விற்பனையாளர் எண்ணிக்கை எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை பேர் மாறினார்கள் என்பதையே போட்டியின் வெற்றி என்று ஆண்டறிக்கைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதோடு இடைத்தரகர் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. செக் குடியரசில் வீடு வீடாகப் போயும் தொலைபேசியிலும் ஒப்பந்தம் பிடிப்பவர்கள் பல வருடங்களாக ஒரு தலைவலி. வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கி, அவர்கள் பெயரில் விற்பனையாளரை மாற்றிவிடுவார்கள். தான் எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்றே தெரியாதவர்கள் இருந்தார்கள். இடைத்தரகர்கள் ஒழுங்குமுறை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கடைசிப் புகல்

செக் எரிசக்திச் சட்டத்தில் 'கடைசிப் புகல் விநியோகஸ்தர்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெரிய நிறுவனம் அதற்குப் பொறுப்பு. மின்சாரத்தில் பகுதியைப் பொறுத்துச் செஸ், இ.ஆன், பிராக் நகரின் மின்நிறுவனம். எரிவாயுவிலும் அதே மாதிரிப் பங்கீடு. ஒரு விற்பனையாளர் தன் வாடிக்கையாளர்கள் எடுக்கும் மின்சாரத்துக்கு ஈடான கொள்முதலுக்குப் பொறுப்பேற்க முடியாமல் போனால், சந்தையை நடத்தும் நிறுவனமான ஓடிஇ அதை அறிவிக்கும். அந்த நிமிடமே வாடிக்கையாளர்கள் பகுதி நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்துவிடுவார்கள். அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் புதிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும்.

தனித்தனியாக, எப்போதாவது ஒரு சிறு நிறுவனம் விழும்போது ஏற்பதற்காக எழுதப்பட்ட ஏற்பாடு இது. 9 லட்சம் பேர் ஒரே வாரத்தில் வந்து விழுந்தார்கள். அவர்களுக்காக யாரும் முன்கூட்டி மின்சாரம் வாங்கி வைத்திருக்கவில்லை. ஏற்றுக்கொண்ட நிறுவனம் அன்றைய உச்ச விலையில் வாங்கித்தான் கொடுக்க முடியும். அந்த விலை அப்படியே ரசீதுக்கு வந்தது. அதே நேரத்தில் பழைய நிறுவனத்துக்கு வருடம் முழுக்கக் கட்டிய முன்பணத் தவணையில் மிச்சம் இருந்தால், அதைத் திரும்பப் பெற அந்தக் குடும்பம் கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் இன்னும் பல சிறு விற்பனையாளர்கள் மூடினார்கள், வரிசை நீண்டது.

ஒரே தெருவில் இரண்டு வீடு. ஒரே மின்கம்பத்திலிருந்து இருவருக்கும் இணைப்பு. ஒருவர் 2021 வசந்தத்தில் பெரிய நிறுவனத்தோடு மூன்று வருட நிலைவிலை ஒப்பந்தம் போட்டவர், நெருக்கடியை அவர் செய்தித்தாளில் மட்டுமே படித்தார். மற்றவர் மாதம் சில நூறு கொருனா (செக் நாணயம்) மிச்சமாகும் என்று மாறியவர், அவருக்குக் குளிர்காலமே கடனில் போனது. இருவரும் சட்டம் சொன்னதைத்தான் செய்தார்கள். விலையை ஒப்பிடு, மாறு, மிச்சப்படுத்து என்று அரசு சொன்னதை இரண்டாமவர் கூடுதல் அக்கறையோடு கேட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

நஷ்டத்தை யார் சுமப்பது என்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தது. ஒன்றியத்திலிருந்து விலகிவிட்ட பிரிட்டனில் 2019 முதல் வீட்டு மின்கட்டணத்துக்கு உச்சவரம்பு இருந்தது. அங்கே 2021 ஜூலைக்குப் பிறகு 28 நிறுவனங்கள் விழுந்தன. கைவிடப்பட்டவர்களை ஏற்ற நிறுவனங்கள் உச்சவரம்புக்கு மேல் வாங்க முடியாது. அதனால் வந்த நஷ்டமான சுமார் 270 கோடி பவுண்டு, நாட்டின் எல்லா வீடுகளின் கட்டணத்திலும் ஏற்றப்பட்டது. வீட்டுக்கு 94 பவுண்டு என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. ஜெர்மனியில் ஏற்றுக்கொண்ட பகுதி நிறுவனங்கள் பழைய வாடிக்கையாளருக்கு ஒரு விலை, புதிதாக வந்து விழுந்தவருக்குப் பல மடங்கு விலை என்று பிரித்தன. வழக்குகள் நடந்து, 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

பிரிட்டன் வழியில், கவனமாக இருந்தவரும் மற்றவரின் நஷ்டத்தைச் சுமந்தார். செக் வழியில், நஷ்டம் முழுக்க விழுந்தவர் தலையிலேயே விழுந்தது. எதைச் சரி என்பது? என்னைக் கேட்டால் செக் வழியே அதிகக் கொடுமை. ஏழைக் குடும்பத்துக்குத்தான் மாதம் சில நூறு கொருனா மிச்சம் பெரிதாகத் தெரியும், அவர்கள்தான் மலிவைத் தேடிப் போவார்கள், கடைசியில் பாரமும் அவர்களிடமே சேரும். ஆனால் பிரிட்டன் வழியிலும், மெலிந்த மூலதனத்தோடு சந்தைக்கு வந்தவர் நல்ல வருடங்களில் லாபத்தை எடுத்துக்கொண்டு கெட்ட வருடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றாகிவிட்டது. இரண்டுமே விழுந்த பிறகு யார் கட்டுவது என்ற கேள்விக்கான விடைகள்தான்.

லைப்ஸிக் மீது கோபம்

2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு விலை இன்னொரு மடங்கு ஏறியது. ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்துச் சந்தையில் எரிவாயு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. அப்போது பிராக் தெருக்களில் கேட்ட கேள்வி எளிமையானது: நம் மின்சாரம் டுகோவானி, டெமெலின் அணுமின் நிலையங்களிலிருந்தும் நம் சொந்தப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் வருகிறது. செலவு கூடவில்லை. நாம் மின்சாரத்தை ஏற்றுமதிகூடச் செய்கிறோம். அப்புறம் ஏன் ஜெர்மன் விலை?

கோபம் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் இருக்கும் ஐரோப்பிய எரிசக்திப் பரிவர்த்தனை மையத்தின் மீது திரும்பியது. 'லைப்ஸிக் சந்தையிலிருந்து வெளியேறு' என்பது ஒரு முழக்கமாகவே ஆனது. செப்டம்பர் 3 அன்று பிராக்கின் வென்ஸெஸ்லாஸ் சதுக்கத்தில் போலீஸ் கணக்குப்படியே சுமார் 70,000 பேர் கூடினார்கள். கூட்டத்தை நடத்தியவர்களின் அரசியல் பலவிதம், ரஷ்யச் சார்பும் அதில் இருந்தது. ஆனால் மின்கட்டணம் கட்ட முடியாத கோபத்தோடு வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களை அரசு ஒரே வார்த்தையில் ஒதுக்கிப் பேசியது தவறு.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இரண்டு பகுதி கொண்டது. முதல் பகுதி: பரிவர்த்தனை மையம் விலையை உருவாக்குவதில்லை. அந்த மணி நேரத்தின் தேவையை நிறைவு செய்ய எந்த மின்நிலையம் கடைசியாக ஓட வேண்டியிருக்கிறதோ, அதன் செலவு எல்லாருக்கும் விலையாகிறது. 2022இல் பல மணி நேரங்களில் அது எரிவாயு நிலையம். எல்லையை மூடினால் செஸ் மலிவாக விற்கும் என்பது கற்பனை. அதன் 30 சதவீதப் பங்கு தனியாரிடம் இருக்கிறது, ஒன்றியச் சட்டம் ஏற்றுமதியைத் தடுக்க விடாது. அதைவிட முக்கியம், எல்லை திறந்திருப்பதால் கிடைக்கும் பலனை யாரும் எண்ணுவதில்லை. அதே 2022இல் பிரான்ஸின் அணு உலைகள் பல, குழாய்களில் அரிப்பு கண்டு நிறுத்தப்பட்டன. அந்நாட்டின் அணுமின் உற்பத்தி முப்பது வருடங்களில் இல்லாத அளவுக்கு விழுந்தது. எப்போதும் மின்சாரம் விற்கும் பிரான்ஸ் அந்த வருடம் நிகரமாக வாங்கியது. அக்கம்பக்கத்து நாடுகள் இல்லையென்றால் பாரிஸ் இருட்டில் இருந்திருக்கும். எல்லை கடந்த வணிகத்தால் 2021ஆம் ஆண்டு மட்டும் 34 பில்லியன் யூரோ பலன் கிடைத்ததாக ஏசர் மதிப்பிட்டது. செக் குடியரசுக்கே எரிவாயுவில் இது நேரடியாகத் தெரிந்தது. கடலே இல்லாத நாடு, தன் எரிவாயுவில் ஏறக்குறைய முழுவதையும் ரஷ்யாவிடம் வாங்கிய நாடு. செஸ் நெதர்லாந்தின் ஈம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் வருடத்துக்கு 3 பில்லியன் கனமீட்டர் திரவ எரிவாயு இறக்கும் வசதியை வாடகைக்கு எடுத்தது. நாட்டின் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஜெர்மனி வழியே குழாயில் வந்தது. சந்தைகள் இணைந்திருக்கவில்லையென்றால் இது நடந்திருக்காது.

இரண்டாவது பகுதியைத்தான் அரசியல்வாதிகள் தாமதமாகச் சொன்னார்கள்: மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அணு நிலையத்துக்கு யூரேனியம் அதே விலையில் வருகிறது, மின்சாரம் பல மடங்கு விலைக்குப் போகிறது, நடுவில் உள்ள பணம் எங்கே? செஸ் 2022இல் சுமார் 80 பில்லியன் கொருனா லாபம் ஈட்டியது. பங்குக்கு 145 கொருனா ஈவு கொடுத்தது, அரசுக்கு மட்டும் சுமார் 54 பில்லியன் கொருனா போனது. பணம் நாட்டை விட்டு ஓடிவிடவில்லை, பெரும்பகுதி கஜானாவுக்கே வந்தது. ஆக, பிரச்சினை சந்தை விலை உருவாகும் விதத்தில் இருப்பதைவிட, அந்த விலையால் குவிந்த லாபம் எவ்வளவு சீக்கிரம், யாரிடம் திரும்பிப் போகிறது என்பதில் இருந்தது.

ஒரு வருடம் தாமதம்

அங்கேதான் செக் அரசு சறுக்கியது. போஹேமியா எனர்ஜி விழுந்தவுடன் போகப்போகும் அரசு நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மின்சாரம், எரிவாயு மீதான மதிப்புக் கூட்டு வரியைத் தள்ளுபடி செய்தது. புதிய அரசு டிசம்பரில் பொறுப்பேற்று, வீட்டுவசதி உதவித்தொகையை விரிவாக்கியது. உதவி கேட்டு விண்ணப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு அது உதவியது. எல்லாருக்குமான உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது 2022 செப்டம்பர் 12இல், பிராக் கூட்டத்துக்கு ஒன்பது நாள் கழித்து. மின்சாரம் யூனிட்டுக்கு வரியோடு சுமார் 6 கொருனா, எரிவாயு சுமார் 3 கொருனா. நெருக்கடிக்கு முன்பு மின்சாரத்துக்கு மட்டும் யூனிட்டுக்கு 2 கொருனாவுக்கும் கீழ் கட்டியவர்களுக்கு இந்த உச்சவரம்பும் சுமைதான். கம்பிக் கட்டணம் இதற்கு மேல் தனி.

2021 அக்டோபரில் கைவிடப்பட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த முதல் குளிர்காலத்தில் சந்தையின் முழு விலையைக் கட்டியவர்கள் அவர்கள். அடுத்த குளிர்காலத்தில் நாடே பாதிக்கப்பட்டபோதுதான் நாட்டுக்குப் பாதுகாப்பு வந்தது. 9 லட்சம் பேரின் கஷ்டம், தவறான கடையைத் தேர்ந்தெடுத்தவர்களின் சொந்தப் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டது. எனக்கு இந்த நிகழ்வில் மனதை உறுத்தும் இடம் இதுதான்.

ஒன்றிய அளவில் வேலை வேகமாக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 இரண்டாம் பாதியில், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றிய அவைக்குத் தலைமை வகித்தது செக் குடியரசு. தொழில்துறை அமைச்சர் யோஸெஃப் சிகேலா எரிசக்தி அமைச்சர்களின் அவசரக் கூட்டங்களை அடுத்தடுத்துக் கூட்டினார். செப்டம்பர் 30இல் உடன்பாடு, அக்டோபர் 6இல் சட்டம். எரிவாயு தவிர்த்த மலிவுச் செலவு மின்நிலையங்களின் வருமானத்துக்கு மெகாவாட் மணிக்கு 180 யூரோ உச்சவரம்பு, அதற்கு மேல் வருவது மக்களுக்கு உதவ. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி நிறுவனங்களின் உபரி லாபத்தில் குறைந்தது 33 சதவீதம் பங்களிப்பு. செக் அரசு தனியாக, எரிசக்தி நிறுவனங்களோடு வங்கிகளையும் சேர்த்து, உபரி லாபத்துக்கு 60 சதவீத வரி போட்டது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதற்கு முன்பே ஜூனில், மின்நிலையங்கள் வாங்கும் எரிவாயுவின் விலைக்கே வரம்பு வைத்து மின்விலையை இறக்கியிருந்தன. அவை பிரான்ஸோடு மெல்லிய இணைப்பே கொண்ட தீபகற்பம் என்பதால் அதைச் செய்ய முடிந்தது. நடுவில் உட்கார்ந்திருக்கும் செக் குடியரசு செய்திருந்தால், மானியம் கொடுத்த மின்சாரம் நாலு பக்கமும் வெளியே போயிருக்கும்.

சட்டம் எதைக் கற்றுக்கொண்டது

2024இல் ஒன்றியம் மின்சந்தைச் சட்டங்களைத் திருத்தியது. கடைசி மின்நிலையத்தின் செலவே விலை என்ற முறையை மாற்றவில்லை, நாடுகளை இணைக்கும் முறையையும் தொடவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மாற்றம் சில்லறைப் பக்கத்தில் வந்தது, அதில் போஹேமியா எனர்ஜி போன்ற சரிவுகளின் தடம் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர் உள்ள விற்பனையாளர் குறைந்தது ஒரு வருட நிலைவிலை ஒப்பந்தத்தைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும், அந்தக் காலம் முடிவதற்குள் தன்னிச்சையாக விலையை மாற்றவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ கூடாது. விலை ஏற்றத்தைத் தாங்கும் அளவுக்கு விற்பனையாளர்கள் முன்கூட்டி வாங்கி வைக்கிறார்களா என்று ஒழுங்குமுறை ஆணையங்கள் பார்க்க வேண்டும். கடைசிப் புகல் ஏற்பாடு எல்லா நாட்டிலும் இருக்க வேண்டும். நலிந்த வாடிக்கையாளரின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மொத்தச் சந்தை விலை முந்தைய ஐந்து வருடச் சராசரியைப் போல இரண்டரை மடங்காகி மெகாவாட் மணிக்கு 180 யூரோவையும் தாண்டி நீடிக்கும் என்று தெரிந்தால், ஒன்றிய அவை விலை நெருக்கடியை அறிவிக்கலாம், அப்போது நாடுகள் வீடுகளுக்குச் செலவுக்கும் குறைவான விலையை நிர்ணயிக்கலாம். உத்தரவின் பெரும்பகுதியை நாட்டுச் சட்டமாக்க 2025 ஜனவரி 17 கெடு.

இவற்றில் முன்கூட்டி வாங்கும் கடமைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உச்சவரம்பும் மானியமும் கஜானாவில் பணம் இருக்கும் நாட்டுக்கே கைகொடுக்கும், அதுவும் நெருக்கடி வந்த பிறகு. விற்பவர் தன் சரக்கை முன்பே வாங்கியிருந்தால் நெருக்கடியின் முதல் வருடத்தைச் சந்தையே தாங்கிக்கொள்ளும், அரசுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் 'பொருத்தமான உத்தி' என்று சட்டம் பொதுவாகச் சொல்லிவிட்டு, எவ்வளவு வாங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நாட்டு ஆணையத்திடமும் விட்டிருக்கிறது. அளவு கறாராக இருந்தால் சிறு விற்பனையாளர்கள் உள்ளே வர முடியாது, பழைய பெரிய நிறுவனங்களே மீண்டும் சந்தையை ஆளும் என்ற எதிர்வாதம் நியாயமானதுதான். செக் குடியரசிலேயே 2021க்குப் பிறகு மக்கள் பயந்துபோய்ப் பெரிய நிறுவனங்களிடம் திரும்பினார்கள். போட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சிறியவர்களும் முன்பேரச் சந்தையில் நியாயமான ஈட்டுத்தொகையில் வாங்க வழி வேண்டும். அதற்கு நீண்டகால ஒப்பந்தங்கள் தாராளமாகப் புழங்கும் சந்தை வேண்டும். இப்போது அது பெரிய நாடுகளில் மட்டுமே இருக்கிறது.

மூலதனத்தைப் பொறுத்தவரை பிரிட்டன் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டது. மின்சாரமும் எரிவாயுவும் வாங்கும் ஒவ்வொரு வீட்டு வாடிக்கையாளருக்கும் 115 பவுண்டு வீதம் விற்பனையாளரிடம் மூலதனம் இருக்க வேண்டும் என்பது 2025 மார்ச் இறுதி முதல் அங்கே இலக்கு. அந்த எண் கூடுதலா குறைவா என்று வாதிடலாம். ஆனால் உரிமத்தோடு ஒரு எண் வந்திருக்கிறது.

இன்னும் திறந்தே கிடப்பது முன்பணம். செக் முறையில் வீடுகள் மாதாமாதம் மதிப்பீட்டுத் தவணை கட்டி, வருடக் கடைசியில் கணக்குத் தீர்க்கின்றன. கோடையில் கட்டும் கூடுதல் தொகை விற்பனையாளர் கையில் வட்டியில்லாக் கடனாக இருக்கிறது. அதை அவர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2024 உத்தரவு சொல்லவில்லை. அடுத்து ஒரு விற்பனையாளர் இலையுதிர்காலத்தில் மூடினால், அந்த வாடிக்கையாளர்கள் கோடை முழுக்கக் கட்டிய பணத்துக்காக மறுபடி திவால் நீதிமன்ற வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். பிராக்கில் சட்டம் எழுதுகிறவர்கள், ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது.